நெகிழிப்பையின் வரலாறு: பயன்பாட்டுக் குறைப்பும் மறுசுழற்சியும்

கடையில் வாங்கிய பொருளை வீடுவரை எடுத்துச் செல்வதற்காகப் பாலித்தீன் என்னும் நெகிழியால் செய்யப்படும் மெல்லிய பையே நெகிழிப்பை ஆகும். பேச்சு வழக்கில் இது பிளாஸ்டிக் பை, பாலித்தீன் கவர், கேரிபேக் எனப் பல பெயர்களால் வழங்கப்படுகிறது. 1960களில் சுவீடன் நாட்டில் இன்றைய வடிவம் பெற்ற இப்பை, அடுத்த நாற்பது ஆண்டுகளுக்குள் உலகின் பெரும்பாலான சந்தைகளுக்குப் பரவியது. அதே வேகத்தில் சாக்கடைகளுக்கும் கடலுக்கும் மாடுகளின் வயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

பல முறை பயன்படும் அளவுக்கு உறுதியான ஒரு பொருள், விலையில்லாமல் கொடுக்கப்பட்டதால் ஒரே நாளில் குப்பையானது. நெகிழிப்பையின் வரலாறு இதுதான். அதன் பயன்பாட்டைக் குறைக்க நாடுகள் மேற்கொண்ட முயற்சிகளையும், மறுசுழற்சி மட்டும் ஏன் போதவில்லை என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பாலித்தீன் பிறந்த கதை

பாலித்தீன் எதிர்பாராமல் கண்டுபிடிக்கப்பட்ட பொருள். 1933 ஆம் ஆண்டு மார்ச் மாதம், இங்கிலாந்தின் செசயர் பகுதியில் உள்ள ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்டு கிப்சன் என்னும் இரு வேதியியலாளர்கள் எத்திலீன் வாயுவை மிக உயர்ந்த அழுத்தத்தில் வேறொரு வேதிப்பொருளுடன் சேர்த்துச் சூடாக்கினர். சோதனைக் கலத்தில் மெழுகு போன்ற வெண்ணிறப் பொருள் சிறிதளவு மிஞ்சியது. 1935 ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் பெரின், அப்பொருளை விரும்பியபோதெல்லாம் பெறுவதற்கான முறையைக் கண்டறிந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் கருவிகளின் மின்வடங்களுக்கு உறையிட இது பெரிதும் பயன்பட்டது.

1953 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் சீக்லர், குறைந்த அழுத்தத்திலேயே பாலித்தீனைத் தயாரிக்கும் வழியைக் கண்டார். இதற்காக 1963 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, இத்தாலியின் ஜூலியோ நாட்டாவுடன் அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. இம்முறையில் கிடைத்த அடர்வுமிகு பாலித்தீன் மெல்லிய ஏடாக இழுத்தாலும் எளிதில் கிழியாது. இன்று காய்கறிக் கடைகளில் தரப்படும், கையால் கசக்கினால் சரசரக்கும் பைகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. துணிக்கடைகளில் தரப்படும் சற்று வழவழப்பான, தடித்த பைகள் அடர்வு குறைந்த பாலித்தீனால் ஆனவை.

சுவீடனில் உருவான கடைப்பை

நெகிழி உறைகள் 1950களிலேயே இருந்தன. ஆனால் கைப்பிடியுடன் ஒரே துண்டாக அமைந்த கடைப்பையை உருவாக்கியவர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியாளர். நோர்ஷெப்பிங் நகரில் இருந்த செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தில் அவர் பணியாற்றினார். குழாய் வடிவில் ஊதிய பாலித்தீன் ஏட்டை மடித்து, அடியையும் மேற்புறத்தையும் வெப்பத்தால் ஒட்டி, மேலே ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் இரு கைப்பிடிகள் உருவாயின. கையில்லாத பனியனைப் போன்ற இந்த வடிவமைப்புக்கு 1965 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. சில கிராம் எடையே உள்ள அந்தப் பை பல கிலோ சுமையைத் தாங்கியது. மழையில் நனைந்தாலும் கிழியவில்லை.

காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதற்கு மாற்றாகத் தந்தை இப்பையைக் கருதினார் என்று துலினின் மகன் பிற்காலத்தில் ஊடகங்களிடம் கூறினார். துலின் தம் சட்டைப்பையில் ஒரு பையை எப்போதும் மடித்து வைத்திருப்பாராம். ஒரு முறை பயன்படுத்திவிட்டு எறிவார்கள் என்பது அவருக்கு விந்தையாகத் தோன்றியிருக்கும் என்றும் மகன் குறிப்பிட்டார். பையை உருவாக்கியவரே அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பொருளாகவே பார்த்திருக்கிறார்.

வணிகம் வேறு வழியில் சென்றது. 1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மொபில் நிறுவனம் தொடர்ந்த வழக்கால் செல்லோபிளாஸ்ட்டின் காப்புரிமை அந்நாட்டில் செல்லாமல் போனது. பல நிறுவனங்கள் பை தயாரிப்பில் இறங்கின; விலை சரிந்தது. 1982 ஆம் ஆண்டில் சேஃப்வே, குரோகர் ஆகிய பெரிய அங்காடி நிறுவனங்கள் நெகிழிப்பைக்கு மாறின. காகிதப் பையைவிட மலிவாகவும், அடுக்கி வைக்கக் குறைந்த இடமே தேவைப்படுவதாகவும் இருந்ததால் கடைக்காரர்கள் இதை விலையில்லாமல் கொடுத்தனர். விலையில்லாத பொருளைப் பத்திரப்படுத்தும் எண்ணம் வாங்குபவருக்கும் எழவில்லை.

தமிழகச் சந்தையில் வந்த மாற்றம்

நெகிழிப்பை வருவதற்கு முன்பும் தமிழகத்தில் பொருள்கள் வீடு வந்து சேர்ந்தன. பருப்பும் சர்க்கரையும் செய்தித்தாள் பொட்டலத்தில் சணல் கட்டி வந்தன. பூ வாழையிலையில் வந்தது. எண்ணெய்க்கும் பாலுக்கும் தூக்குவாளியை வீட்டிலிருந்தே கொண்டு சென்றனர். கருப்பட்டிக்கும் பலகாரத்துக்கும் பனையோலைக் கொட்டான் இருந்தது. காய்கறிக்கு ஒயர் கூடையோ துணிப்பையோ கையில் இருக்கும். திருமணத்தில் தாம்பூலம் வைத்துத் தரப்படும் மஞ்சள் நிறத் துணிப்பை, மணமக்களின் பெயர் மங்கிய பிறகும் பல ஆண்டுகள் கடைத்தெருவுக்குப் போய்வந்தது.

இந்த ஏற்பாட்டில் பை வாங்குபவரின் பொறுப்பாக இருந்தது. 1980களிலும் 1990களிலும் கேரிபேக் பரவியபோது, அப்பொறுப்பு கடைக்காரருக்கு மாறியது. வெறுங்கையுடன் கடைக்குப் போவது நாகரிகமாயிற்று. மஞ்சப்பை தூக்கி வருபவர் பட்டிக்காட்டார் என்று கேலிக்கு உள்ளானார். பொருளோடு பழக்கமும் மாறியதால்தான், பிற்காலத்தில் தடைச் சட்டங்கள் வந்தபோது பழைய நிலைக்குத் திரும்புவது கடினமாயிற்று.

கண்ணுக்குத் தெரிந்த பாதிப்புகள்

நெகிழிப்பை மட்குவதில்லை. வெயிலில் நொறுங்கிச் சிறு துகள்களாகிறதே தவிர, மண்ணோடு மண்ணாவதில்லை. காற்றில் பறந்து வடிகால்களை அடைத்துக்கொள்கிறது. 2005 ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு பெரிய மழைக்கு நெகிழிப்பை காரணமன்று. ஆயினும் தேங்கிய நீர் வடியாமைக்கான காரணங்களில் ஒன்றாக வடிகால்களை அடைத்திருந்த பைகள் சுட்டப்பட்டன. அதன் பின் மகாராட்டிர அரசு மெல்லிய பைகளுக்குத் தடை விதித்தது.

கால்நடைகள் படும் துன்பம் இன்னும் கொடியது. மீந்த உணவைப் பையில் கட்டி எறிகிறோம். முடிச்சை அவிழ்க்கத் தெரியாத மாடு, பையோடு சேர்த்து விழுங்குகிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் அது செரிக்காமலும் வெளியேறாமலும் சேர்கிறது. 2019 ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஒரு பசுவின் வயிற்றிலிருந்து அறுவை மருத்துவம் மூலம் 52 கிலோ நெகிழிக் கழிவு அகற்றப்பட்டது.

இலங்கையில் 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து அவ்வாண்டு செப்டம்பர் முதல், மெல்லிய பொலித்தீன் பைகளுக்கும் உணவு சுற்றும் பொலித்தீன் தாள்களுக்கும் எதிரான விதிகள் கடுமையாக்கப்பட்டன.

2002: இரு நாடுகள், இரு வழிகள்

நெகிழிப்பைக் குறைப்பின் வரலாற்றில் 2002 ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டு வங்கதேசமும் அயர்லாந்தும் ஒரே சிக்கலுக்கு இரு வேறு தீர்வுகளைக் கையாண்டன.

வங்கதேசத்தில் 1988, 1998 ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்களின்போது டாக்கா நகரில் நீர் வடியாமல் நாள்கணக்கில் தேங்கியது. வடிகால்களை நெகிழிப்பைகள் அடைத்திருந்தது மக்களின் கவனத்துக்கு வந்தது. 2002 சனவரி முதல் டாக்காவிலும், மார்ச் முதல் நாடு முழுவதும் மெல்லிய பாலித்தீன் பைகள் தடைசெய்யப்பட்டன. இத்தகைய பைகளை நாடு முழுவதும் தடைசெய்த முதல் நாடு வங்கதேசமே.

தொடக்கத்தில் பைகள் சந்தையிலிருந்து பெருமளவு மறைந்தன. பிறகு கண்காணிப்பு தளர்ந்தது. பழைய டாக்காவின் சிறு தொழிற்கூடங்களில் பைகள் மறைவாகத் தயாராயின. சணலுக்குப் பெயர் பெற்ற நாடாக இருந்தும், அன்றாடச் சந்தைக்கு ஏற்ற விலையில் சணல்பை போதிய அளவு கிடைக்கவில்லை. அறிவியலாளர் முபாரக் அகமது கான் சணலின் செல்லுலோசிலிருந்து உருவாக்கிய மட்கும் பையான ‘சோனாலி பை’ பாராட்டைப் பெற்றது. ஆனால் சோதனை உற்பத்தியைத் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2024 ஆம் ஆண்டு அக்டோபரில் பெரிய அங்காடிகளிலும் நவம்பரில் சந்தைகளிலும் அதே தடையை மீண்டும் நடைமுறைப்படுத்த வேண்டிய நிலை அந்நாட்டு அரசுக்கு ஏற்பட்டது.

அயர்லாந்து பையைத் தடை செய்யவில்லை, விலை வைத்தது. 2002 மார்ச் 4 முதல் கடையில் வாங்கும் ஒவ்வொரு நெகிழிப்பைக்கும் 15 சென்ட் வரி விதிக்கப்பட்டது. இதைக் கடைக்காரர் தாமே ஏற்றுக்கொள்ளக் கூடாது; வாங்குபவரிடமே பெற வேண்டும். இறைச்சி, மீன் போன்றவற்றைச் சுற்றும் சிறு பைகளுக்கு விலக்கு தரப்பட்டது. வரித்தொகை சுற்றுச்சூழல் நிதிக்குச் சென்றது. ஆண்டுக்கு ஒருவருக்கு 328 பைகள் என மதிப்பிடப்பட்டிருந்த பயன்பாடு, விரைவிலேயே 21 பைகளாகக் குறைந்தது. பின்னர் அது மெல்ல உயரத் தொடங்கியதும், 2007 ஆம் ஆண்டில் வரி 22 சென்ட்டாக உயர்த்தப்பட்டது.

15 சென்ட் எவரையும் ஏழையாக்கும் தொகையன்று. ஆனால் பணம் செலுத்தும் இடத்தில் ‘பை வேண்டுமா?’ என்ற கேள்வியை அது கொண்டுவந்தது. அதுவரை கேட்காமலேயே கிடைத்து வந்த பையை, இப்போது தேவையா என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. வேல்சில் 2011 ஆம் ஆண்டிலும் இங்கிலாந்தில் 2015 ஆம் ஆண்டிலும் இதே போன்ற கட்டணம் வந்தபோது அங்கும் பயன்பாடு பெரிதும் குறைந்தது.

மறுசுழற்சி எங்கே தடுமாறுகிறது?

பைகளை ஏன் குறைக்க வேண்டும், மறுசுழற்சி செய்தால் போதாதா என்ற கேள்வி இயல்பானது. பாலித்தீன் மறுசுழற்சிக்கு ஏற்ற பொருளே. பைகளை வகை பிரித்து, கழுவி, உலர்த்தி, துண்டுகளாக்கி, உருக்கிக் குருணைகளாக மாற்றலாம். அக்குருணைகளிலிருந்து குப்பைப் பைகள், குழாய்கள், விரிப்புகள் முதலியன செய்யப்படுகின்றன.

சிக்கல் பையின் எடையில் உள்ளது. பழைய பொருள் சேகரிப்பவர்கள் எடைக்கே விற்கிறார்கள். 5 கிராம் எடையுள்ள பைகள் 200 சேர்ந்தால்தான் 1 கிலோ ஆகும். அதே நேரத்தில் சில தண்ணீர்ப் புட்டிகளையோ அட்டைப் பெட்டிகளையோ எடுத்தால் கூடுதல் வருமானம் கிடைக்கும். மீன் நீரும் குழம்பும் படிந்த பையைக் கழுவ ஆகும் தண்ணீருக்கும் உழைப்புக்கும் ஈடான விலை கிடைப்பதில்லை. எனவே மெல்லிய பை பொறுக்கப்படாமல் குப்பையிலேயே கிடக்கிறது. இயந்திரங்களால் குப்பை பிரிக்கும் நாடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. பைகள் சுழலும் உருளைகளில் சுற்றிக்கொள்வதால் இயந்திரத்தை நிறுத்தி அவற்றை வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது. மேலும், உருக்கும் ஒவ்வொரு முறையும் நெகிழியின் தரம் குறைகிறது.

1950 முதல் 2015 வரை உலகில் சுமார் 830 கோடி டன் நெகிழி உற்பத்தி செய்யப்பட்டது என்றும், அக்காலத்தில் கழிவான நெகிழியில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி ஆனது என்றும் 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. இது எல்லா நெகிழிப் பொருள்களுக்குமான கணக்கு.

கழுவிப் பிரிக்க முடியாத பைகளுக்கு மதுரை ஒரு வழி காட்டியது. தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், துண்டாக்கிய நெகிழியைச் சுமார் 170 பாகை செல்சியசு வெப்பமுள்ள சரளைக் கற்களின் மேல் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் படலமாகப் படிவதைக் கண்டார். அதன் பின் தார் கலந்தால் கல்லும் தாரும் உறுதியாகப் பிணைகின்றன. நீர் புகுந்து சாலை பெயர்வது குறைகிறது. தாரும் ஓரளவு மிச்சமாகிறது. 2002 ஆம் ஆண்டிலேயே சென்னையின் சம்புலிங்கம் தெருவில் இவ்வகைச் சாலை போடப்பட்டது. வாசுதேவனுக்கு 2018 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இம்முறை ஏற்கெனவே குவிந்த கழிவுக்கு நல்ல பயன் தருகிறது. ஆயினும் பைகளை யாரேனும் பொறுக்கிச் சேர்த்துத் தந்தால்தான் சாலை போட முடியும். பொறுக்குவதற்குக் கூலி கட்டாத பை, சாலைக்கும் வந்து சேர்வதில்லை.

இந்தியாவின் மைக்ரான் சட்டங்கள்

மெல்லிய பை பொறுக்கப்படுவதில்லை என்ற உண்மையே இந்தியச் சட்டங்களின் அடிப்படை. தடித்த பை எடை கூடும் என்பதால் அது சேகரிக்கப்படும். விலை கூடும் என்பதால் கடைக்காரர் தயங்கிக் கொடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. ஆகவே 1999 ஆம் ஆண்டு விதிகள் பையின் தடிமன் குறைந்தது 20 மைக்ரான் இருக்க வேண்டும் என்றன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த அளவு 2011 இல் 40 மைக்ரான், 2016 இல் 50 மைக்ரான், 2021 செப்டம்பரில் 75 மைக்ரான், 2022 திசம்பர் 31 முதல் 120 மைக்ரான் எனப் படிப்படியாக உயர்ந்தது.

இடையில் விலை வைக்கும் முயற்சியும் நடந்தது. பைகளை விலையின்றித் தரக்கூடாது என்று 2011 விதிகள் கூறின. பை தர விரும்பும் கடைக்காரர்கள் மாதம் 4,000 ரூபாய் வீதம் ஆண்டுக்குக் குறைந்தது 48,000 ரூபாய் உள்ளாட்சி அமைப்புக்குச் செலுத்திப் பதிவு செய்ய வேண்டும் என்று 2016 விதிகள் கூறின. தெருவோரக் காய்கறிக் கடைக்கு இது கட்டக்கூடிய தொகையன்று. 2018 திருத்தத்தில் இவ்விதியே நீக்கப்பட்டது. தடிமன் விதி மட்டும் எஞ்சியது. சந்தையில் ஒரு பையின் மைக்ரான் அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது என்பதே அவ்விதியின் பெரிய குறை.

தடிமனை மட்டும் நம்புவதில் வேறொரு இடரும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் மெல்லிய பைகளைத் தடைசெய்து, பல முறை பயன்படும் தடித்த நெகிழிப்பைகளை விலைக்கு விற்க இசைவளித்தது. மக்கள் அவற்றையும் ஒரு முறை பயன்படுத்தி எறிந்ததால், குப்பைக்குச் சென்ற பைகளின் மொத்த எடை முன்பைவிடக் கூடியது. எனவே கடைகளின் பணம் செலுத்துமிடத்தில் தடித்த நெகிழிப்பைகளையும் தருவதை 2026 முதல் தடைசெய்யும் சட்டம் 2024 ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்டது.

தமிழ்நாடும் மஞ்சப்பையும்

தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டம் முன்னோடி. 2000 ஆம் ஆண்டையொட்டி, அப்போதைய மாவட்ட ஆட்சியர் சுப்ரியா சாகு முன்னெடுத்த இயக்கத்தால் அங்கு நெகிழிப்பைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது. மாநிலம் முழுவதற்குமான தடை 2018 சூனில் அறிவிக்கப்பட்டு, 2019 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு முறை பயன்படும் 14 வகைப் பொருள்கள் தடைப்பட்டியலில் இடம்பெற்றன. நெகிழிப்பையைப் பொறுத்தவரை, தடிமன் எதுவாயினும் தடை என்று கூறியது இவ்வாணையின் சிறப்பு. மைக்ரான் அளக்கும் சிக்கல் இதனால் எழவில்லை. துணி போலத் தோன்றினும் உண்மையில் நெகிழி இழைகளால் ஆன, நெய்யப்படாத பைகளும் தடைக்குள் வந்தன.

தடைக்கு மாற்று வேண்டும் என்ற வகையில், 2021 திசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சென்னையில் தொடங்கி வைத்தார். 10 ரூபாய் செலுத்தினால் துணிப்பை தரும் இயந்திரங்கள் கோயம்பேடு சந்தை முதலிய இடங்களில் வைக்கப்பட்டன. கேலிக்குரியதாக இருந்த மஞ்சப்பை அரசின் அடையாளமாகவே மாறியது. ஆயினும் பூக்கடையிலும் மீன்சந்தையிலும் சாலையோர உணவுக் கடையிலும் கேரிபேக் இன்னும் மறையவில்லை. ஈரமான பொருளுக்கு ஏற்ற மலிவான மாற்று அங்கெல்லாம் இன்னும் கைக்கு எட்டாததே இதற்கு ஒரு காரணம்.

துணிப்பையின் கணக்கு

துணிப்பை வாங்கிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது. பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் நீரும் ஆற்றலும் செலவாகின்றன. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை ஒரு பருத்திப்பை, ஒரே முறை பயன்படும் மெல்லிய நெகிழிப்பைக்கு ஈடாக வேண்டுமானால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். கடைதோறும் புதிதாகத் துணிப்பை வாங்கி வீட்டில் குவிப்பவர் சூழலுக்கு நன்மை செய்வதில்லை. வாரம் இரு முறை சந்தைக்குச் செல்லும் துணிப்பை ஒன்றேகால் ஆண்டில் அக்கணக்கை ஈடுசெய்துவிடும். பழைய வேட்டியிலோ பாவாடையிலோ தைத்த பை தொடக்கத்திலேயே முந்திவிடும்.

நம் வீடுகளில் பல ஆண்டுகள் உழைத்த ஒயர் கூடையும் நெகிழியால் ஆனதே. அதை எவரும் சாக்கடையில் எறியவில்லை. காசு கொடுத்து வாங்கியதும், கையால் பின்னியதும், அறுந்தால் முடிந்து கட்ட முடிந்ததும் அதைக் காப்பாற்றின. ஒரு பொருள் எதனால் ஆனது என்பதைப் போலவே, எத்தனை முறை பயன்படுகிறது என்பதும் முக்கியம்.

முடிவுரை

வங்கதேசத்தின் தடை, மாற்றுப் பையும் தொடர்ந்த கண்காணிப்பும் இல்லாததால் தளர்ந்தது. அயர்லாந்தின் சிறு வரி, பையை மறக்காமல் எடுத்துவரும் பழக்கத்தை உருவாக்கியதால் நிலைத்தது. இந்தியாவின் மைக்ரான் விதிகள் தடிமனைக் கூட்டினவே அன்றிப் பழக்கத்தை மாற்றவில்லை. மறுசுழற்சி, ஏற்கெனவே பயன்படுத்திய பைகளுக்கான கடைசி வழி. புதிய பைகளை வாங்குவதற்கான அனுமதியன்று. வீட்டில் சேர்ந்துவிட்ட நெகிழிப்பைகளைக் கழுவி உலர்த்தி மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதும், கிழிந்தவற்றை உலர்ந்த குப்பையாகத் தனியே பிரித்துக் கொடுப்பதும், உணவுக் கழிவைப் பையில் முடிந்து எறியாதிருப்பதும் இன்றே செய்யக்கூடியவை. கடைக்குப் புறப்படும்போது ஒரு பையை மடித்து எடுத்துச் செல்வது அவற்றுக்கெல்லாம் முந்தியது. நெகிழிப்பையை உருவாக்கிய துலினும் தம் சட்டைப்பையில் ஒரு பையை மடித்து வைத்துக்கொண்டுதான் வெளியே சென்றார்.